உள்ளே, வெளியே, கோட்டின் மேலே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்து மைதானங்களில் நடுவராக நிற்பவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், அவற்றின் தொடர்ச்சியாக வீடு, தெரு, ஊர் எல்லை, கடல் ஆகியவற்றைப் பற்றி எழும் கேள்விகளையும் இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். எந்த வழக்கிலும் கோடு எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்பதை முதலில் கேட்டுவிட்டால் பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்தக் கருத்தை ஒட்டியே செல்கின்றன.

கோட்டின் மேல் விழுந்த பந்து உள்ளேயா, வெளியேயா?

ஆட்டத்தைப் பொறுத்தது. வாலிபால், டென்னிஸ், இறகுப்பந்து ஆகிய மூன்றிலும் கோடு ஆடுகளத்தின் பகுதி என்பதால், பந்தின் ஓரம் கோட்டை உரசினாலே அது உள்ளே விழுந்ததாகிவிடும். வாலிபால் களத்தின் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் அகலமுள்ள கோட்டின் வெளி விளிம்பு வரை அளக்கப்படுகின்றன. சுண்ணாம்பு போடுகிறவர் இதை மறந்து 9 மீட்டரை அளந்து முடித்த பிறகு அதற்கு அப்பால் கோட்டைப் போட்டால், களம் இரு பக்கமும் ஐந்தைந்து சென்டிமீட்டர் வளர்ந்துவிடுகிறது. கிராமத்துப் போட்டிகளில் கடைசிப் புள்ளிக்கு நடக்கும் சண்டைகளில் சில, உண்மையில் அன்று காலை சுண்ணாம்பு போட்டபோதே தொடங்கியவை.

கூடைப்பந்தில் விதி நேர்மாறானது. அங்கே எல்லைக்கோடு களத்தில் சேராது. ஆட்டக்காரரின் பாதம் கோட்டை மிதித்தாலே அவர் வெளியேறிவிட்டார். வாலிபாலும் கூடைப்பந்தும் ஒரே சிமெண்டுத் தரையில் இரு வண்ணக் கோடுகளோடு ஆடப்படும் பள்ளிகளில், பிள்ளைகள் ஒன்றின் விதியை மற்றொன்றுக்குப் பொருத்திக் குழம்புவது இயல்பே.

கிரிக்கெட்டில் மட்டையாளரின் கோட்டைப் பொறுத்தவரை கணக்கில் வருவது அதன் பின் விளிம்பு மட்டுமே. மட்டை வெள்ளைக் கோட்டின் மேலேயே ஊன்றியிருக்கும்போது ஸ்டம்பு விழுந்தால் அவர் அவுட். கோட்டைத் தாண்டி, அதற்குப் பின்னால் இருக்கும் தரையைத் தொட்டிருக்க வேண்டும். பந்துவீச்சாளருக்கும் அதே விளிம்புதான் அளவுகோல் என்றாலும், அவருடைய முன்பாதத்தின் ஏதேனும் ஒரு பகுதி அதற்குப் பின்னால் இருந்தால் போதும், குதிகால் தரையில் படாமல் உயர்ந்திருந்தாலும் குற்றமில்லை.

ஒரே ஆட்டத்தில் பந்துக்கு ஒரு நீதி, காலுக்கு ஒரு நீதியா?

ஆம். வாலிபாலில் கோட்டில் விழுந்த பந்து உள்ளே. ஆனால் சர்வீஸ் போடுபவர் பந்தை அடிக்கும் நொடியில் அதே கடைசிக் கோட்டை மிதித்திருந்தால் தவறு. இதில் முரண் ஏதும் இல்லை. கோடு களத்தைச் சேர்ந்தது என்ற ஒரே விதியிலிருந்துதான் இரண்டு முடிவுகளும் வருகின்றன: பந்து களத்தைத் தொட்டது, எனவே உள்ளே, சர்வீஸ் போடுபவர் களத்துக்கு வெளியே நிற்க வேண்டியவர், அவரும் களத்தைத் தொட்டார், எனவே தவறு.

கால்பந்தில் பந்து கோட்டைத் தாண்டியது கண்ணுக்கே தெரிந்தும் ஏன் ஆட்டம் தொடர்கிறது?

பந்து முழுவதும் கோட்டை முழுவதுமாகத் தாண்டினால்தான் அது வெளியே, தரையிலானாலும் காற்றிலானாலும் இதுவே விதி. பந்து தரையைத் தொடும் புள்ளி கோட்டுக்கு அப்பால் இருந்தாலும், அதன் புடைத்த வயிறு கோட்டின் விளிம்புக்கு நேர் மேலே ஒரு மயிரிழை நின்றால் பந்து உள்ளேதான். 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பானின் மிட்டோமா கடைசிக் கோட்டில் இழுத்துக் கொடுத்த பந்து தனாக்காவின் கோலானபோது உலகமே இதைப் பற்றித்தான் பேசியது. பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே பச்சைப் புல் தெரிந்தது. நேர் மேலிருந்து எடுத்த படத்தில் பந்தின் ஓரம் சில மில்லிமீட்டர் அளவுக்குக் கோட்டின் மேல் இருந்தது. ஜப்பான் 2–1 என வென்றது. அந்தப் பிரிவிலிருந்து ஜெர்மனி வெளியேறியது. பக்கவாட்டில் நின்று சத்தியம் செய்கிற பார்வையாளரை நம்ப முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

எல்லைக்கு வெளியே காற்றில் இருப்பவர் உள்ளேயா, வெளியேயா?

காற்றில் இருப்பவர் கடைசியாகத் தரையைத் தொட்ட இடத்தில் இருப்பதாகவே பல ஆட்டங்கள் கணக்கிடுகின்றன. கூடைப்பந்தில் களத்திலிருந்து எம்பி, கோட்டுக்கு வெளியே மிதந்தபடி பந்தைத் திருப்பி எறிபவர், கால் தரையில் படும் வரை உள்ளேதான்.

கிரிக்கெட்டில் இந்தக் கற்பனை ஒரு கட்டத்தில் எல்லை மீறிப் போயிற்று. 2023 புத்தாண்டு அன்று பிரிஸ்பேனில் மைக்கேல் நேசர் எல்லைக் கயிற்றுக்கு அப்பால் சென்று, அங்கிருந்தே எம்பிக் காற்றில் பந்தை மீண்டும் தட்டி, பிறகு உள்ளே வந்து பிடித்தார். அன்றைய விதிப்படி அது சரியான கேட்ச். வெளியே நின்று குதித்தவரை உள்ளே இருப்பவராகக் கொள்வது அதிகம் என்று பலருக்கும் பட்டதால் விதி திருத்தப்பட்டது. எல்லைக்கு அப்பாலிருந்து எம்புபவர் பந்தை ஒருமுறை மட்டுமே தொடலாம், பிறகு உள்ளே வந்துதான் இறங்க வேண்டும் என்பது 2025 ஜூன் முதல் சர்வதேச ஆட்டங்களில் நடைமுறையில் இருக்கிறது. 2024 ஜூன் 29 அன்று பிரிட்ஜ்டவுனில் நடந்த டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், கடைசி ஓவரின் முதல் பந்தில் டேவிட் மில்லரைச் சூர்யகுமார் யாதவ் பிடித்த கேட்ச் இந்த வகையைச் சேர்ந்தது அல்ல. அவர் உள்ளே பிடித்து, மேலே எறிந்துவிட்டு வெளியே சென்று, திரும்ப உள்ளே வந்து பிடித்தார். வெளியே இருந்தபோது பந்தைத் தொடவே இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்வது நல்லது.

கபடியில் லாபி என்பது களத்துக்கு உள்ளேயா, வெளியேயா?

என்னைக் கேட்டால் உலக விளையாட்டுகளிலேயே மிக நுட்பமான எல்லை இதுதான். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. அந்த அகலத்தின் இரு ஓரங்களிலும் ஒரு மீட்டர் அகலத்துக்கு லாபி ஓடுகிறது. பாடிப் போகிறவர் எதிரணியில் யாரையும் தொடாத வரை லாபி வெளி. அதில் கால் வைத்தால் அவரே அவுட். ஒருவரைத் தொட்ட நொடியில், அல்லது அவர்கள் இவரைப் பிடித்த நொடியில், அதே மண் உள்ளாகிவிடுகிறது. இழுபறியில் உருண்டு அதற்குள் போனாலும் யாரும் அவுட் ஆவதில்லை. அதற்கும் அப்பால் வெளிக்கோட்டைத் தாண்டிக் கை விழுந்தாலும், பிடிபட்டவரின் உடலில் ஏதேனும் ஒரு பகுதி உள்ளே தரையில் பட்டிருந்தால் அவர் இன்னும் உள்ளேதான். பிடியில் சிக்கியவர் கால் கட்டைவிரலை மட்டும் கோட்டுக்குள் பதித்துக்கொண்டு, உடல் முழுவதும் வெளியே கிடக்க, நடுக்கோட்டை எட்டக் கையை நீட்டுவதைக் கடலூர் மாவட்டத்துப் பொங்கல் போட்டிகளில் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆக, லாபியின் நிலையைத் தீர்மானிப்பது அது இருக்கும் இடம் கிடையாது, களத்தில் நடந்த ஒரு தொடுகை.

இந்த ஒரு மீட்டர் மண்ணுக்காக 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் இறுதி ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. இந்தியாவும் ஈரானும் 28–28 எனச் சமநிலையில் இருந்தபோது, பாடிச் சென்ற பவன் ஷெராவத் யாரையும் தொடாமல் லாபிக்குள் போனார். அவரைப் பின்தொடர்ந்த ஈரான் வீரர்களும் அதற்குள் நுழைந்தனர். பவன் அவுட் என்பதில் சந்தேகம் இல்லை. தொடுகை நிகழாததால் லாபி இன்னும் வெளிதானே, அப்படியானால் பின்தொடர்ந்து நுழைந்தவர்களும் அவுட்தானே என்பது இந்தியாவின் வாதம்; பாடி வந்தவர் மட்டுமே அவுட் என்ற, தொழில்முறைப் போட்டிகளில் புழங்கும் புதிய விதியே பொருந்தும் என்பது ஈரானின் வாதம். முடிவு மாறி மாறி அறிவிக்கப்பட்டு, இறுதியில் இந்தியா 33–29 என வென்றது. என் பார்வையில் இரு தரப்பும் தத்தம் விதிப்புத்தகத்தின்படி நேர்மையாகவே வாதாடின. பிழை, எந்தப் புத்தகம் என்பதை ஆட்டத்துக்கு முன்பே எல்லோருக்கும் தெளிவாக்காததில் இருக்கிறது.

புதுச்சேரியில் ஆடும் பெத்தாங்க் ஆட்டத்தில் வட்டம் எதற்கு?

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் பிரான்சின் லா சியோத்தாவில் உருவாகி, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களின் வழியாகப் புதுச்சேரியில் வேரூன்றிய இரும்புக் குண்டு ஆட்டம் இது. தரையில் வரையும் வட்டத்தின் விட்டம் 35 முதல் 50 சென்டிமீட்டர் வரை. எறிபவரின் இரு பாதங்களும் அதற்குள் முழுமையாக அடங்க வேண்டும், கோட்டை மிதிக்கக் கூடாது, குண்டு தரையில் விழும் வரை பாதத்தை எடுக்கவும் கூடாது. ஆனால் எறியப்பட்ட குண்டுக்குக் கால்பந்தின் சலுகை உண்டு: அது எல்லைக்கோட்டை முழுவதும் தாண்டினால்தான் செத்த குண்டு. மனிதனுக்குக் கறாரும் குண்டுக்குத் தாராளமும் காட்டுகிற இந்த ஆட்டத்தை ஓய்வுபெற்ற பெரியவர்கள் மாலை நேரத்தில் அளவு நாடாவும் கையுமாக ஆடுவதைப் பார்ப்பது தனி இன்பம்.

தெரு விளையாட்டில் நடுவர் இல்லையே, அங்கே யார் முடிவு சொல்வது?

பாண்டி ஆட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு கட்டம் கட்டமாகக் கால் வைப்பவள் ஒவ்வோர் அடிக்கும் 'ரைட்டா?' என்று கேட்கிறாள். எதிரே நிற்கிற போட்டியாளர்களே பதில் சொல்கிறார்கள். எதிரியின் வாயிலிருந்தே நியாயம் வாங்கும் இந்த ஏற்பாடு வியப்பூட்டும் அளவுக்கு ஒழுங்காக நடப்பதற்குக் காரணம், அடுத்த முறை கண்ணை மூடப்போவது பதில் சொல்பவள் என்பதுதான்.

கேமராவும் கணினியும் வந்த பிறகு தகராறு தீர்ந்துவிட்டதா?

டென்னிஸில் பெருமளவு தீர்ந்தது. 2006இல் அமெரிக்க ஓப்பனில், பந்தின் பாதையைக் கேமராக்களால் கணிக்கும் ஹாக்-ஐ மூலம் முறையிடும் வழக்கம் வந்தது. 2025இல் விம்பிள்டன் கோட்டு நடுவர்களையே விட்டுவிட்டது. செம்மண் தரையில் பந்து தன் தடத்தைத் தானே விட்டுச் செல்வதால் பிரெஞ்சு ஓப்பன் அதே ஆண்டிலும் மனிதர்களையே வைத்துக்கொண்டது. மட்டையாளரின் காலில் பட்ட பந்து ஸ்டம்பை அடித்திருக்குமா என்று பார்க்கும் கிரிக்கெட்டின் எல்.பி.டபிள்யூ.வில் நிலைமை வேறு: கணிக்கப்பட்ட பாதையில் பந்தின் பாதிக்கும் குறைவான பகுதி ஸ்டம்பில் படுமானால், களத்தில் நடுவர் முதலில் என்ன சொன்னாரோ அதுவே நிற்கும். அச்சில் வார்த்தது போன்ற இரண்டு பந்துகளில் ஒன்று அவுட், மற்றொன்று நாட் அவுட். இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. கணிப்பில் பிழைக்கு இடம் உண்டு என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் விதி என்பதால் நான் இதை மதிக்கிறேன்.

திண்ணை வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

கபடி லாபியைப் போலத்தான். புதுச்சேரியில் கால்வாய்க்கு மேற்கே, தமிழர் குடியிருப்புகளின் பழைய வீடுகளில் தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதன் பின் திண்ணை, பிறகு நிலைப்படி, நடை, வானம் பார்த்த முற்றம் என்று அடுக்கடுக்காக அமைந்திருக்கும். வழிப்போக்கர் தாழ்வாரத்தில் வெயிலுக்கு ஒதுங்கலாம், திண்ணையில் உட்கார யாரையும் கேட்க வேண்டியதில்லை; நிலைப்படியைத் தாண்டுவதற்கு மட்டும் 'உள்ளே வாங்க' என்ற சொல் வேண்டும். கிழக்கே, பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பகுதியில் உயர்ந்த மதிலும் கதவும் நேராகத் தெருவிலேயே எழுகின்றன. அங்கே இடைப்பட்ட இடம் கிடையாது, உள்ளே இல்லையென்றால் வெளியே.

இந்தத் திண்ணையைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பலர் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். யார் திண்ணை வரை வரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும், யார் அந்தத் தெருவுக்கே வரக் கூடாது என்பதைச் சாதி தீர்மானித்தது. ஊர் என்றும் காலனி என்றும் பிரிந்த கிராமங்களில் அந்தக் கோட்டை இன்றும் கண்ணால் காணலாம். கடலூர் மாவட்டத்தில் உள்ள சிதம்பரத்தின் எல்லையை நந்தனார் வலம் வந்து வெளியே நின்ற கதையும், திருப்புன்கூரில் நந்தி விலகியதால் அவர் வாசலுக்கு வெளியிலிருந்தபடியே தரிசித்த கதையும் நம் நாட்டில் அறியாதவர் இல்லை. கதையில் நந்தி விலகியது. சட்டம் விலகி வழிவிட 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மட்டைக் கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறந்து எல்லாக் கோடுகளையும் விளையாட்டாகப் பேசுவது சரியாகாது: மைதானத்தில் கோட்டை ஏற்றுக்கொண்டு இரு தரப்பும் இறங்குகின்றன, இங்கே ஒரு தரப்பைக் கேட்காமலே கோடு போடப்பட்டது.

நிலைப்படியில் நின்று ஏன் எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்கிறார்கள்?

லட்சுமி போய்விடுவாள் என்பது வீட்டில் சொல்லும் காரணம். கொடுப்பவர் உள்ளேயும் வாங்குபவர் வெளியேயும் நின்றால் கைமாறும் பொருள் எந்தப் பக்கத்தது என்ற தெளிவின்மை ஏற்படுகிறது என்பது என் ஊகம். பக்கத்து வீட்டுக்காரர் காபித்தூள் கேட்டு வந்தால், ஒன்று அவர் ஓர் அடி உள்ளே வருகிறார், இல்லையென்றால் நாம் ஓர் அடி வெளியே போகிறோம்.

கடலூரிலிருந்து போகும்போது புதுச்சேரி எங்கே தொடங்குகிறது?

முள்ளோடையில். ஆனால் 'தொடங்கினால் முடியும் வரை உள்ளே' என்று எண்ணிவிடக் கூடாது. புதுச்சேரி வட்டாரம் ஒன்றோடொன்று ஒட்டாத பல துண்டுகளாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிறது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்குப் பேருந்தில் போகிறவர் வில்லியனூர், அரியூர் வரை உள்ளே இருக்கிறார். கண்டமங்கலத்தில் வெளியே போகிறார். திருபுவனை, மதகடிப்பட்டில் மறுபடி உள்ளே. வளவனூருக்கு முன் மறுபடி வெளியே. போர்கள் முடிந்து 1816இல் ஆங்கிலேயர் திருப்பிக் கொடுத்தபோது பிரெஞ்சுக்காரர்களின் கைக்கு வந்தவை சிதறிய கிராமங்களே. 1954 நவம்பர் 1 வரை அவற்றின் ஓரங்கள் நாட்டின் எல்லைகளாக இருந்தன. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான மாற்றமும் முடிந்தது.

இதன் விளைவுதான் வேடிக்கை. சாலை வழியே இருபது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் கடலூர்க்காரர் புதுச்சேரிக்கு வெளியாள்; பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில் இருக்கும் ஏனாம்காரர் உள்ளாள். சாதாரண நாட்களில் முள்ளோடைக் கோடு மதுக்கடைப் பலகைகளிலும் பெட்ரோல் விலையிலும் மட்டும் தெரியும். 2020 பொதுமுடக்கத்தில் தடுப்புகள் வைத்து அடைத்தபோதுதான், வயல் ஒரு பக்கமும் வீடு மறு பக்கமுமாக வாழ்கிறவர்களுக்கு அது எல்லை என்று உறைத்தது.

குண்டு கிராமம் என்கிறார்களே, அது என்ன?

1690இல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியது. அதுதான் பின்னர் புனித டேவிட் கோட்டை. கோட்டையோடு சேர்த்து, அங்கிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். அந்த வீச்சுக்குள் அகப்பட்டவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன. அளவு நாடாவை வாங்குபவரிடமே கொடுத்து, எவ்வளவு வலுவாக வேண்டுமானாலும் இழுத்துக்கொள் என்று சொன்ன கதை இது. தங்கள் நிலம் உள்ளே போயிற்றா வெளியே நின்றதா என்பதை அங்கிருந்த குடியானவர்கள் வானத்தில் போன ஒரு குண்டைக் கொண்டு தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கடலில் கோடே இல்லையே, அங்கே உள்ளே வெளியே எப்படி?

கோடு உண்டு, கண்ணுக்குத் தெரியாது. தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையை ஒட்டிய குறிப்பிட்ட தூரம் வரை பாரம்பரியப் படகுகளுக்கு உரியது; விசைப்படகுகள் அதற்கு அப்பால்தான் மீன்பிடிக்க வேண்டும். 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலத்துக்கு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் இது சுமார் 22 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் தூரம். மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துப் பிடிப்பதும் தமிழ்நாடு தடை செய்ததுமான சுருக்குமடி வலை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்காலமாகத் தந்த அனுமதி இந்த 12 கடல் மைலை மையமாகக் கொண்டது: அதற்கு வெளியே, திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, கண்காணிப்புக் கருவி பொருத்திய பதிவு பெற்ற படகுகளுக்கு.

கரையில் இருப்பவர்களுக்குச் சுலபமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில், காலை 8 மணிக்குப் புறப்பட்டு 22 கிலோமீட்டர் போய், வலை விட்டு, இழுத்து, 6 மணிக்குள் திரும்புவது எவ்வளவு நெருக்கடியானது என்பதைத் தேவனாம்பட்டினத்திலோ சிங்காரத்தோப்பிலோ கேட்டால் சொல்வார்கள். வலைக்குப் பயந்து ஓடும் மீன் கூட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் படகும் போகும். கருவி மட்டும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். சிறு படகுக்காரர்களின் மீன்வளம் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நேரத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கட்டிய விதியை வரைந்தவர்கள் ஒருநாளாவது படகில் ஏறிப் பார்த்திருக்கலாம் என்றே எண்ணுகிறேன்.

பேருந்துப் படியில் தொங்குபவர் உள்ளேயா, வெளியேயா?

நடத்துநர் சீட்டுக்குக் காசு கேட்கும்போது உள்ளே. 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று அவரே கத்தும்போது வெளியே. படியில் நின்று பயணம் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 123ஆம் பிரிவு தடை செய்வதால், சட்டத்தைப் பொறுத்தவரை அவர் அங்கே இருக்கவே கூடாது.